கசிந்த பேட்டரி கெடுத்த கருவிக்குக் கடை பொறுப்பாகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பேட்டரி கசிந்து ஒரு கருவி பழுதாகும்போது, அந்தப் பேட்டரியை விற்ற கடை, கசிந்த கட்டைக்குப் பதிலாக இன்னொரு கட்டையைக் கொடுப்பதோடு தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாமா, அல்லது பழுதான கருவிக்கும் சேர்த்து ஈடு செய்ய வேண்டுமா என்ற கேள்வி நுகர்வோர் பக்கங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. தொகை சிறியது என்று இழந்தவர் விட்டுவிடுகிறார். அவர் விட்டுவிடுவார் என்று தெரிந்தே கடைக்காரரும் கையை விரிக்கிறார். மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்த விவகாரத்தின் விளைவுகளைத் தொடர்ந்து பார்த்துவருவதால், இதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எழுத அனுமதி கோருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் நாம் நினைப்பதைவிட வாங்கியவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தத் தேவையான சான்றை, இழப்பீடு கேட்கப்போகிறவரே, கருவியைத் திறந்த சில நிமிடங்களில் துடைத்து எறிந்துவிடுகிறார்.

கசிவு ஏன் நேர்கிறது என்று தெரியாமல் பொறுப்பு யாருடையது என்ற வாதத்துக்குள் நுழைய முடியாது. கடைகளில் கிடைக்கும் சாதாரண 1.5 வோல்ட் கட்டைகள் பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவை. ஒன்று, பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866-இல் உருவாக்கிய ஈரக்கலத்திலிருந்து, ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் 1886-இல் காப்புரிமை பெற்ற உலர்கலத்தின் வழியாக வந்த துத்தநாக–கார்பன் வகை. இதில் கட்டையின் உலோகக் குவளையே துத்தநாகத்தால் ஆனது. மின்சாரம் தரத்தர அந்தக் குவளைதான் கரைந்து மெலிகிறது. எங்காவது ஓட்டை விழுந்தால், உள்ளேயுள்ள அமிலத்தன்மை கொண்ட அம்மோனியம் குளோரைடு அல்லது துத்தநாகக் குளோரைடுக் கரைசல் வெளியே வந்துவிடும். மற்றொன்று, கனடாவில் பிறந்த பொறியாளர் லூயிஸ் உர்ரி 1950-களில் வடிவமைத்த அல்கலைன் வகை. இதில் குவளை எஃகு. துத்தநாகம் தூளாக நடுவில் இருக்கிறது. மின்பகுபொருள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம். அந்தக் கரைசலிலுள்ள நீரோடு துத்தநாகம் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். வாயுவின் அழுத்தம் ஓர் அளவை மீறினால் கட்டை வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, எதிர்முனைப் பக்கத்துப் பிளாஸ்டிக் அடைப்பில் மெல்லிய பகுதி ஒன்று கிழிந்து வழிவிடும்படி அமைத்திருப்பார்கள். அந்த வழியாக வாயுவோடு காரமும் வெளியேறுகிறது. நாம் "பேட்டரி பூத்துவிட்டது" என்று சொல்லும் வெள்ளை உப்பு, வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டாக்கிய பொட்டாசியம் கார்பனேட் ஆகும்.

உப்பு கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் சேதம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த உப்பு உண்டாவதற்கு முன்பே, ஈரமாக இருந்த காரம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். அது உலோகப் பரப்பின் மீது தானாகவே ஊர்ந்து பரவும் இயல்புடையது. ஸ்பிரிங்கில் ஏறி, அதோடு பற்றவைத்த கம்பியை அடைந்து, கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே நகர்ந்து மின்சுற்றுப் பலகை (போர்டு) வரைக்கும் போய்விடும். உறையைச் சீவிப் பார்த்தால் பளபளப்பாக இருக்க வேண்டிய செம்புக் கம்பி கறுத்திருக்கும். போர்டில் செம்புத் தடங்களின் மீது களிம்பு ஏறி, மெல்லிய தடங்கள் அறுந்துபோகும். சுவர்க் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் தகடுகளைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் இரத்த அழுத்தமானி, எடைக்கருவி, கேமரா ஃபிளாஷ், மல்டிமீட்டர், கம்பியில்லா விசைப்பலகை போன்றவற்றில் போர்டு பேட்டரி அறைக்கு ஒட்டியே அமைந்திருப்பதால் சேதம் ஆழமாகப் போகிறது. அலுமினிய உடல் கொண்ட டார்ச்சில் நிலைமை இன்னும் மோசம். காரம் அலுமினியத்தையே அரித்துவிடுவதால், கட்டை குழாய்க்குள் வீங்கி இறுகி, உடைக்காமல் வெளியே எடுக்க முடியாத நிலை வந்துவிடும். "ஒரு கட்டைதானே போயிற்று" என்று கடையில் சொல்லப்படும் சமாதானம், இதையெல்லாம் பார்த்தறியாதவர் சொல்லும் சமாதானம்.

முன்பெல்லாம் அல்கலைன் கட்டைகள் இவ்வளவு கசியவில்லை என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. துத்தநாகத்தோடு சேர்க்கப்பட்ட சிறிதளவு பாதரசம் ஹைட்ரஜன் உண்டாவதை அடக்கி வைத்திருந்தது. சுற்றுச்சூழலைக் கருதி 1990-களில் அது கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 1996-இல் இதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. பாதரசத்தை நீக்கியது சரியான முடிவுதான். அதன் பிறகு அந்த வேலையைத் துத்தநாகத்தின் தூய்மையும், அதில் கலக்கும் சேர்மானங்களும், அடைப்பின் தரமும் செய்ய வேண்டியதாயிற்று. இவற்றில் ஒழுங்காகச் செலவு செய்யும் உற்பத்தியாளரும் உண்டு, மிச்சம் பிடிக்கும் உற்பத்தியாளரும் உண்டு. எனவே "பேட்டரி என்றால் கசியத்தான் செய்யும்" என்ற கடைக்காரரின் பேச்சு வேதியியலாகப் பாதி உண்மை; வியாபாரப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு அந்தப் பாதி போதாது.

இனி, கடையில் வழக்கமாகக் கிடைக்கும் முதல் பதிலைப் பார்ப்போம். "நாங்கள் வாங்கி விற்பவர்கள்தான், கம்பெனியைக் கேளுங்கள்" என்பது அந்தப் பதில். கேட்பதற்கு நியாயம்போல் இருந்தாலும், பொருள் விற்பனைச் சட்டத்தின் போக்கு இதற்கு நேர் எதிரானது. இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டமும், அதைப் பின்பற்றி வந்த இலங்கையின் 1896-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அதை விற்கும்போது, அது விற்கத் தகுந்த தரமுடையது என்ற உறுதியை, வாயால் சொல்லாவிட்டாலும் எழுதித் தராவிட்டாலும், வாங்குபவருக்குக் கொடுத்தவராகிறார். கடைக்காரர் கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்வியே இங்கே எழாது. பொருள் தகுதியானதா என்பது மட்டுமே கேள்வி. பணம் யார் கையில் கொடுக்கப்பட்டதோ அவரோடுதான் ஒப்பந்தம். உற்பத்தியாளரோடு வாங்கியவருக்கு ஒப்பந்தமே இல்லை. கொடுத்த இழப்பீட்டைக் கடைக்காரர் தன் மொத்த வியாபாரியிடமும், அவர் உற்பத்தியாளரிடமும் கேட்டுப் பெறலாம். அந்தச் சங்கிலியில் ஏறிப்போகும் வேலையை வாங்கியவர் தலையில் கட்டக் கூடாது. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதையும் சிலர் காட்டுகிறார்கள். மனம் மாறித் திருப்பிக் கொண்டுவருபவரைப் பற்றிய வரி அது. குறையுள்ள பொருள் விளைவித்த சேதத்தைப் பற்றி அது எதுவும் பேசவில்லை.

அடுத்து, "கட்டையின் விலையைத் தருகிறோம், கருவிக்குப் பொறுப்பேற்க முடியாது" என்ற பதில். இதற்கு விடை 1854-இலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஹாட்லி எதிர் பாக்சென்டேல் என்ற ஆங்கிலேய வழக்கில், ஒரு மாவு ஆலையின் முறிந்த சுழல்தண்டை எடுத்துச் சென்ற போக்குவரத்து நிறுவனம் தாமதம் செய்ததால் ஆலை ஓடாமல் நின்றது. ஆலையின் வருமான இழப்பைக் கேட்டபோது, ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்பையும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பினரும் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய இழப்பையும்தான் கோரலாம் என்று நீதிமன்றம் வரையறுத்தது; மாற்றுத் தண்டு இல்லாமல் ஆலை நிற்கும் என்பது போக்குவரத்து நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதால் வருமான இழப்பு மறுக்கப்பட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. இந்த அளவுகோலைப் பேட்டரிக்குப் பொருத்திப் பாருங்கள். கட்டை, ஒரு கருவிக்குள் போடுவதற்காகவே விற்கப்படுவது. அதற்கு வேறு பயன் கிடையாது. அது கசிந்தால் கெடப்போவது அந்தக் கருவிதான் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். ஆகவே கருவியின் சேதம் இயல்பான விளைவு என்ற முதல் வகைக்குள் தெளிவாக அடங்குகிறது. ஒலிவாங்கி பழுதானதால் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியின் வருமானம் போயிற்று என்று கேட்பது அப்படியல்ல. வாங்கும்போதே சொல்லியிருந்தாலொழிய அந்தக் கோரிக்கை நிற்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கோரிக்கையில் இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள், கிடைக்கக்கூடியதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்துக்கு வெளியே, குறைபாடுள்ள பொருளுக்கான பொறுப்பு என்ற தனிச் சட்டமும் பல நாடுகளில் இருக்கிறது. ஐரோப்பியச் சமூகம் 1985-இல் கொண்டுவந்த வழிகாட்டு ஆணை, உற்பத்தியாளரின் தவறை நிரூபிக்க வேண்டிய தேவையை நீக்கியது. ஆனால் பொருட்சேதம் 500 ஈசியூவுக்கு (யூரோவுக்கு முன்பிருந்த ஐரோப்பியக் கணக்கு நாணயம்) மேற்பட்டிருக்க வேண்டும் என்ற வரம்பை வைத்து, பேட்டரிச் சேதம் போன்ற சிறு இழப்புகளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2024-இல் நிறைவேறிய புதிய ஆணை அந்த வரம்பை எடுத்துவிட்டது. 2026 டிசம்பர் 9-க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்கு அது பொருந்தும். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென ஒரு தனி அத்தியாயம் உண்டு. அதில் "தீங்கு" என்பது, குறைபாடுள்ள பொருளைத் தவிர்த்த மற்ற உடைமைக்கு நேரும் சேதத்தையும் உள்ளடக்கியதாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, அந்த அத்தியாயத்தின்படி கேட்க முடியாதது கசிந்த கட்டையின் விலை. கேட்கக்கூடியது கெட்டுப்போன கருவிக்கான ஈடு. கடை மனமுவந்து தர முன்வருவதும் தர மறுப்பதும் இதற்கு அப்படியே தலைகீழாக இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அதே அத்தியாயம் விற்பவரை எப்போது பிடிக்கிறது என்பதும் முக்கியம். உற்பத்தியாளர் யாரென்று தெரியாதபோதும், விற்பவர் தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்திருக்கும்போதும், பொருளைப் பரிசோதிப்பதிலும் பராமரிப்பதிலும் நியாயமான கவனம் காட்டாதபோதும் பொறுப்பு விற்பவர் மேல் வருகிறது. ஐரோப்பிய ஆணையும், உற்பத்தியாளர் யாரென்று நியாயமான காலத்துக்குள் சொல்லாத விற்பனையாளரை உற்பத்தியாளராகவே கருதுகிறது. தன் சொந்தப் பெயரை உறையில் அச்சிட்டுப் பேட்டரி விற்கும் பெரிய கடைகளுக்கு "கம்பெனியைக் கேளுங்கள்" என்று சொல்லும் வழியே கிடையாது. சட்டத்தின் பார்வையில் அவர்களே கம்பெனி. அன்பளிப்பாக வந்த பேட்டரி என்றால், பெற்றவருக்குக் கடையோடு ஒப்பந்தம் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். 1932-இல் தீர்ப்பான டானஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கிலும் பானத்தை வாங்கிக் கொடுத்தவர் தோழிதான். குடித்து நோயுற்றவர் உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடரலாம் என்று அங்கேதான் வழி பிறந்தது. இந்தியச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

மூன்றாவது பதில்தான் உண்மையில் எதிர்கொள்ளக் கடினமானது: "நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை." இது எப்போதும் சாக்கு அல்ல; என் மேசைக்கு வருகிற கருவிகளில் பயன்படுத்தியவரின் தவறு அப்பட்டமாகத் தெரிவனவும் உண்டு. பழைய கட்டையையும் புதிய கட்டையையும் ஒன்றாகப் போட்டால், வலுவிழந்த கட்டை முதலில் தீர்ந்துவிடும். மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் முனைகள் தலைகீழாகி, உள்ளே வாயு பெருகி, அடைப்பு கிழியும். நான்கில் ஒன்றைத் திருப்பிப் போட்டாலும், மற்ற மூன்றும் சேர்ந்து அதற்கு மின்னேற்றம் செய்யும். மின்னேற்றத்துக்கென்று செய்யப்படாத கட்டைக்கு விளைவு அதேதான். அல்கலைனையும் துத்தநாக–கார்பனையும் கலந்து போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இப்படிப்பட்ட கருவியை எடுத்துக்கொண்டு கடைமேல் ஏறிச் சண்டையிடுகிறவரின் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

ஆனால் தவறு பயன்படுத்தியவருடையதா, கட்டையுடையதா என்பதைக் கட்டைகளே சொல்லும். உறையில் எல்ஆர்6 என்று இருந்தால் அது அல்கலைன். ஆர்6 என்று மட்டும் இருந்தால் துத்தநாக–கார்பன். இரண்டின் அளவும் ஒன்றே. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60086 என்ற தரநூலின்படி, கட்டையில் அதன் வகை, மின்னழுத்தம், நேர்முனை, தயாரித்த காலம் அல்லது பயன்படுத்தும் காலத்தின் முடிவு ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கருவியில் இருந்த எல்லாக் கட்டைகளிலும் ஒரே பெயர், ஒரே காலக் குறிப்பு, ஒரே தொகுதி எண் இருந்தால், கலந்து போட்டார் என்ற வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். கசியாத கட்டைகளின் மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அவை மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டி, இன்னும் நல்ல நிலையில் இருக்க, நான்காவது மட்டும் கசிந்திருந்தால், குறை அந்த ஒரு கட்டையின் அடைப்பில் அல்லது உள்ளடக்கத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எல்லாமே அடியோடு தீர்ந்துபோயிருந்தால், நீண்ட நாள் உள்ளே விடப்பட்டிருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். அப்போதும் எனக்கு ஒரு கருத்து உண்டு. சுவர்க் கடிகாரத்தில் கட்டை தீர்ந்த பிறகுதான் கடிகாரம் நிற்கும். ரிமோட்டில் கட்டை தீர்ந்த பிறகுதான் நமக்கு அது தெரியவே வரும். நிறுத்தி வைத்த பிறகும் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும் கருவிகள் இன்று ஏராளம். தீரும் வரை பயன்படுத்துவது ஒரு பேட்டரியின் சாதாரணப் பயன்பாடு. உறையில் அச்சிட்ட காலத்துக்குள், தீர்ந்த சில நாள்களில் அது கசிகிறதென்றால், அதைப் பயன்படுத்தியவரின் பிழை என்று எழுதிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் மூட்டைகட்டிப் போட்ட கருவிக்கு இந்த வாதம் பொருந்தாது. கருவியின் கையேட்டில், நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள் என்று அச்சிட்டிருக்கும். அந்த வரியைக் கடைக்காரர் படித்துக் காட்டினால் கோரும் தொகையில் ஒரு பகுதியை இழக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கடையின் பக்கத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. வெப்பம் கூடக்கூட வாயு உண்டாகும் வேகமும் கூடும். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் தொங்கவிட்ட கட்டைகளையும், காலம் அச்சிட்ட அட்டையிலிருந்து பிரித்து உதிரியாக விற்ற கட்டைகளையும், காலம் கடந்தவற்றையும் விற்ற கடை, "பராமரிப்பில் நியாயமான கவனம்" என்ற சொற்களுக்கு என்ன பதில் சொல்லும்? வாங்கிய அட்டை உறையை எறியாமல் வைத்திருப்பவர் மிகச் சிலர். அதில்தான் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரியும், கசிவு குறித்த உத்தரவாதம் ஏதேனும் இருந்தால் அதுவும் இருக்கும்.

இப்போது நான் முதலில் சொன்ன சான்று அழியும் கதைக்கு வருகிறேன். கசிவைக் கண்டதும் எவருக்கும் கை பரபரக்கும். கட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டு, உப்பைத் துணியால் துடைத்து, வேறு கட்டை போட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லை என்ற பிறகுதான் இழப்பீடு நினைவுக்கு வரும். அதற்குள் எந்தக் கட்டை கசிந்தது, எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது, எந்தப் பெயருடையது என்பவை எல்லாம் போய்விட்டன. மூடியைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன், கட்டைகள் இருந்த நிலையிலேயே முனைகள் தெரியும்படி படமெடுக்க வேண்டும். பிறகு கையுறை அணிந்து, முடிந்தால் கண்ணுக்கும் காப்பு போட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உறையின் எழுத்துகள் தெரியும்படி தனித்தனியே படமெடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அந்தக் காரம் தோலையும் கண்ணையும் பொசுக்கக்கூடியது. மேலே பட்டால் உடனே ஏராளமான நீரில் கழுவ வேண்டும்.

சான்றைக் காப்பாற்றுகிறேன் என்று கருவியை அப்படியே மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். இழப்பைக் குறைக்க வாங்கியவரும் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது இழப்பீட்டுச் சட்டத்தின் பொதுவிதி. ஆகவே படமெடுத்த பிறகு சுத்தம் செய்யலாம், செய்யவும் வேண்டும். அல்கலைன் கசிவுக்குச் சில துளி வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் காரம் முறியும். துத்தநாக–கார்பன் கசிவுக்கு எதிர்வழியாகச் சமையல் சோடாக் கரைசல். இரண்டுக்கும் பின் ஆல்கஹால் கொண்டு துடைத்து உலரவிட வேண்டும். போர்டு வரை பரவியிருந்தால் தாமாகத் தொடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, கசிவு எங்கே தொடங்கியது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது, சரிசெய்ய முடியுமா, என்ன செலவாகும் என்று தேதியிட்டு எழுதி வாங்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். "பேட்டரி லீக், போர்டு அவுட்" என்று துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருவதால் யாருக்கும் பயனில்லை. கருவியின் வரிசை எண்ணோடு, பார்த்ததைப் பார்த்தபடி நான்கு வரி எழுதித் தருவதற்கு நமக்கு அதிக நேரம் ஆகாது.

எவ்வளவு கேட்பது என்பதில் மிகை வேண்டாம். பல ஆண்டுகள் உழைத்த கருவிக்குப் புதுக் கருவியின் விலையைக் கேட்பதால்தான் பல கோரிக்கைகள் நகைப்புக்கு உள்ளாகின்றன. சரிசெய்ய முடியுமானால் சரிசெய்யும் செலவு. முடியாவிட்டால் சேதத்துக்கு முந்தைய நிலையில் அந்தக் கருவிக்கு இருந்த மதிப்பு. அதோடு ஆய்வுக்குக் கொடுத்த கூலி. தகட்டைச் சுத்தம் செய்ததோடு கருவி ஓடத் தொடங்கிவிட்டால், அந்தக் கூலியும் கட்டைகளின் விலையும் மட்டுமே இழப்பு.

கோரிக்கையைக் கடை முதலாளிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு அடையாளம் வாங்க வேண்டும். எப்போது வாங்கியது, என்ன பெயர், எந்தக் கருவியில் போட்டது, எப்போது கசிவு தெரிந்தது, என்ன சேதம், எவ்வளவு தொகை, எத்தனை நாள்களுக்குள் பதில் வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டியதில்லை. பில் இல்லாவிட்டால் அட்டை வழியாகவோ கைப்பேசி வழியாகவோ பணம் செலுத்திய பதிவும் வாங்கியதற்குச் சான்றுதான். அதே கடிதத்தில், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் தரும்படி கேட்டுவிட வேண்டும்; கடை அதற்குப் பதில் தந்தாலும் பயன், தராவிட்டால் இன்னும் பயன். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையமோ சிறு கோரிக்கை நீதிமன்றமோ, அந்தந்த நாட்டில் உள்ள அமைப்பை நாடலாம். காலவரம்பை மறக்கக் கூடாது. இந்தியாவில் நுகர்வோர் புகாருக்கு அது இரண்டு ஆண்டு.

சில பெரிய உற்பத்தியாளர்கள், தங்கள் பேட்டரி கசிந்து கருவி பழுதானால் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்று தாங்களாகவே அறிவித்திருக்கிறார்கள். கடையோடு மல்லுக்கட்டுவதைவிட அது எளிதாக முடிவதும் உண்டு, முடிந்தால் நல்லதே. அவர்கள் கருவியையும் கட்டைகளையும் ஆய்வுக்கு அனுப்பச் சொல்வார்கள். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றுக்கும் படமும் பழுதுபார்ப்பவரின் குறிப்பும் கையில் இருக்க வேண்டும். அந்த உத்தரவாதம் இருப்பதால் கடையின் பொறுப்பு நீங்கிவிடாது; அது கூடுதலாகத் திறந்திருக்கும் ஒரு கதவு, அவ்வளவுதான்.

இன்னொரு நிலை மிச்சமிருக்கிறது. கருவியோடு பெட்டிக்குள்ளேயே வந்த பேட்டரி கசிந்தால், "அது இலவசமாகக் கொடுத்தது" என்று கடைக்காரர் சொல்கிறார். பெட்டியின் மேல் "பேட்டரியும் அடங்கும்" என்று அச்சிட்டு விற்ற பொருளில் எதுவும் இலவசம் இல்லை. விலை முழுப் பெட்டிக்கும்தான். இங்கே, முன்பு சொன்ன குறைபாடுள்ள பொருளுக்கான சட்டம் சற்றுக் கைவிடலாம், ஏனென்றால் கட்டையும் கருவியும் சேர்ந்தே ஒரு பொருள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். பொருள் விற்பனைச் சட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. பெட்டிக்குள் இருந்த ஒரு பகுதி மற்றொரு பகுதியைக் கெடுத்ததென்றால், விற்ற முழுப் பொருளுமே தகுதியற்றது என்றாகிறது. கடையோடு ஒப்பந்தம் செய்தவருக்கு இதுவே நேரான வழி.

தங்கள் நாளிதழ் நுகர்வோர் பகுதியில் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, கடைக்கு அனுப்பத்தக்க கோரிக்கைக் கடிதத்தின் மாதிரி ஒன்றை வெளியிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். வணிகர் சங்கங்களும் தங்கள் உறுப்பினர்களின் பில்லில் பேட்டரியின் பெயரையும் காலக் குறிப்பையும் சேர்க்கச் சொல்லலாம். சர்ச்சை வரும்போது அது கடைக்கும் பாதுகாப்பு. அதுவரை, கசிந்த கட்டையை "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று கடையில் கேட்டால், அதன் பெயர், தொகுதி எண், ஒப்படைத்த தேதி ஆகியவற்றைக் குறித்துக் கடை முத்திரையோடு ஒப்புகை பெற்ற பிறகே வாசகர்கள் அதைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்